கரையில நிக்கிறாளே, அவளைப் பாருங்க!

நடுவர் அய்யா அவர்களே! எதிரே உட்கார்ந்து என்னையே முறைத்துக் கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே!

எனக்கு முன்னால பேசின தங்கச்சி, "பெரிய சொகுசுக் கப்பலுக்கே பெண் கேப்டன், 2015லயே கேட் மெக்யூ வந்தாச்சு"ன்னு ஒரு போடு போட்டாங்க. நீங்க கை தட்டினீங்க. நானும் தட்டினேன். ஆனா அய்யா, ஒரு கப்பலுக்கு ஒரு கேப்டன்தானே! (சிரிப்பு) அந்தக் கப்பலை நம்பிக் கரையில நிக்கிற பொம்பளைங்க எத்தனை பேரு?

பஹாமாஸ்னு ஒரு தீவு நாடு. தலைநகர் நாசோ. 1938இல் அங்கே கடற்பஞ்சுக்கு நோய் வந்து, ஆண்கள் பார்த்த தொழில் படுத்துவிட்டது. அப்போ அடுப்பு அணையாமப் பார்த்துக்கிட்டது யாரு? ஓலையைக் கிழித்து, பின்னி, தைத்து, தொப்பியும் கூடையுமாக விற்ற பெண்கள்! நம்ம ஊர்ல பனையோலைப் பெட்டி முடையறாங்களே, அதே கைவேலை. அவங்க சந்தை 2001இல் தீப்பிடிச்சு எரிஞ்சு போச்சு. புதுக் கட்டடம் வந்தது 2011இல். பத்து வருஷம் கூடாரத்துல வியாபாரம் பண்ணினாங்கய்யா!

2019இல் அந்த நாட்டுக்கு வந்தவர்கள் சுமார் 72 லட்சம் பேர். அதில் 54 லட்சம் பேர் கப்பலில் வந்தவர்கள். "அப்ப பணம் கொட்டுமே"ம்பீங்க. எங்கே கொட்டுது? காலையில இறங்கறான், சாயங்காலம் ஏறிடறான். பசிச்சா கப்பலுக்கே ஓடறான். மொய் எழுதினவன் பந்தியை விடுவானா? (கைதட்டல்) போதாக்குறைக்கு, அதே 2019 மே மாசம் ஒரு கப்பல் கம்பெனி கோகோகேன்னு ஒரு தீவையே தன் பயணிகளுக்காகத் திருத்தி அமைச்சுது. அங்கயும் உள்ளூர் ஆளுக்கு வேலை உண்டு, மறுக்கலை. ஆனா நாசோவுல கூடையோட காத்திருக்கிறவ என்ன செய்வா? துறைமுகத்துல பயணிகளுக்குத் தலை பின்னி விடற பெண்ணோட சீப்புக்கு யார் வேலை கொடுப்பா?

2020 மார்ச்சில் கொரோனா வந்து கப்பல் நின்றது. மாசச் சம்பளம் கிடையாது, கப்பல் வந்தாத்தான் அன்னிக்குக் காசு. அவங்க கதி?

அய்யா மணி மேல கை வைக்கிறாரு. தங்கச்சி, ஒரே கேள்வி. ராத்திரி தங்கறவனுக்குப் படுக்கை விரிக்க ஒரு பெண் வேணும், சமைக்க ஒரு பெண் வேணும், துணி துவைக்க ஒரு பெண் வேணும். உங்க 54 லட்சம் பேரும் ராத்திரி எங்கம்மா படுத்தாங்க?