கேட்டறியும் பண்பு



நள்ளிரவில் அறை விளக்கை அணைத்துவிட்டுக் கணினியின் முன் அமர்ந்திருக்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். மிகு வெளிச்சத்தைத் தாங்காத கண்கள் அவருடையவை. ஆகவே, கரிய பின்புலத்தில் வெண்ணிற எழுத்துத் தோன்றுமாறு தமது கணினியை அமைத்து வைத்திருக்கிறார். இதனையே டார்க் மோட், அதாவது இருள்நிலை, என்கின்றனர். அவ்வேளையில், நாம் எழுதிய செயலி ஒன்றை அவர் திறக்கிறார். திரை முழுவதும் வெள்ளொளி பாய்கிறது. அவர் கண்களைப் பொத்திக்கொள்கிறார். பிழை யாருடையது? அவர் தமது விருப்பத்தை முன்னரே கணினியிடம் சொல்லி வைத்திருந்தார். கேட்கத் தவறியவர் நாமே.

கேட்பது கடினமன்று. பைதன் மொழியில் சில வரிகள் போதும். ஆயினும், கணினிக்குக் கணினி கேட்கும் முறை வேறுபடும்.

விண்டோஸில் இவ்விருப்பம் ரெஜிஸ்ட்ரி எனப்படும் பதிவேட்டில் உள்ளது. பைதனுடன் வரும் வின்ரெக் என்னும் தொகுதி அதனைப் படித்துக் காட்டும். பயனருக்குரிய பகுதியில், பேர்சனலைஸ் என்னும் பிரிவின் கீழ், 'அப்ஸ் யூஸ் லைட் தீம்' என்றொரு குறிப்பு உண்டு. செயலிகள் ஒளிநிலையைக் கொள்ள வேண்டுமா என்பதே அதன் பொருள். ஆகவே, 1 எனில் ஒளி. 0 எனில் இருள். இதனைத் தலைகீழாகக் கொண்டுவிடலாகாது.

மக் கணினிகளில், 2018 இல் வெளிவந்த மொஹாவே பதிப்பு முதல் இருள்நிலை உண்டு. அங்கே 'டிபோல்ட்ஸ்' என்னும் கட்டளையைப் பைதன் வழியாக ஏவி, 'அப்பிள் இன்டர்பேஸ் ஸ்டைல்' யாதெனக் கேட்க வேண்டும். இருள்நிலையாயின் 'டார்க்' என்று விடை வரும். ஒளிநிலையாயின் அப்படியொரு குறிப்பே இராது. கட்டளை பிழையென்று திரும்பும். புதியவர்கள் தமது நிரலிலேதான் கோளாறு என்று மயங்குவர். உண்மையில், அந்த மௌனமே விடையாகும்.

லினக்ஸின் பல மேசைத்தளங்களில் 'கலர் ஸ்கீம்' என்னும் பொது அமைப்பு உண்டு. அதில் 1 இருளையும், 2 ஒளியையும் குறிக்கும். 0 என்பதோ, பயனர் விருப்பம் எதுவும் தெரிவிக்கவில்லை என்பதாகும். அதனை இருளென்று கொள்வது தவறு.

இவ்வேறுபாடுகளுள் பலவற்றைத் தானே கவனித்துக்கொள்ளும் 'டார்க்டிடெக்ட்' என்னும் இலவச நூலகமும் பைதனுக்கு உண்டு. அதுவும் விடை அறிய இயலாதபோது ஒன்றுமில்லை என்றே கூறும். அந்நிலையில் என்ன செய்வது என்பதை நிரல் எழுதுவோரே முன்கூட்டித் தீர்மானித்திருக்க வேண்டும்.

இன்னுமொன்று. பகலில் ஒளி, இரவில் இருள் எனத் தானாக மாறும்படி அமைத்திருப்போரும் உளர். ஆகவே, செயலி தொடங்கும்போது ஒருமுறை கேட்டுவிட்டு ஓய்ந்திருத்தல் போதாது; மாற்றத்தையும் கவனித்திருத்தல் வேண்டும்.

இல்லத்திற்கு வந்த விருந்தினரிடம், விளக்கைத் தணிக்கட்டுமா என்று வினவுவது நம் வழக்கம். நாம் எழுதும் நிரலும் அவ்வளவேனும் செய்தல் வேண்டாமா?