வாயுவைத் தேடும் ஒளி

வானொலிப் பெட்டியின் குமிழை மெல்லத் திருகி விரும்பிய நிலையத்தைப் பிடிக்கிறீர்கள். மயிரிழை தவறினாலும் வேறொரு நிலையத்தின் குரல் வந்து கலந்துவிடுகிறது. வாயுக்களைத் தேடும் விஞ்ஞானியும் ஏறத்தாழ இதே வேலையைத்தான் செய்கிறார். அவர் திருகுவது ஒளியை.

பல வாயுக்களின் மூலக்கூறுகள், கண்ணுக்குப் புலனாகாத செந்நிறக்கீழ்க் கதிர்களுள் தத்தமக்குரிய சில அலைநீளங்களை மட்டுமே உறிஞ்சுகின்றன. அந்த அலைநீளத்தில் ஒளியைச் செலுத்தி, மறுமுனையில் எவ்வளவு குறைந்து வருகிறதென அளந்தால், வாயு இன்னதென்பதும் அதன் அளவும் புலனாகும். சாதாரண விளக்கொளியிலோ எண்ணற்ற அலைநீளங்கள் கலந்து கிடக்கின்றன. 1962ஆம் ஆண்டில் தோன்றிய இருவாயி லேசர், ஓர் உப்புக்கல்லளவே உள்ள குறைகடத்திப் பளிங்காகும். அதிற் பாயும் மின்னோட்டத்தைச் சிறிது கூட்டினால் ஒளியின் அலைநீளமும் சிறிது நகரும். வெப்பநிலை மாறினாலும் நகரும். ஆதலால் பளிங்கின் வெப்பநிலையை அசையாமல் நிறுத்தினாலன்றிக் கருவி பயன்படாது.

2012ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் செவ்வாய்க் கிரகத்தின் கேல் பள்ளத்தில் இறங்கிய கியூரியோசிட்டி ஊர்தி, இவ்வினத்துக் குறைகடத்தி லேசர்களைச் சுமந்து சென்றது. தேடப்பட்டது மெதேன். பூமியில் அவ்வாயு பெரும்பாலும் சதுப்பு நிலம், நெல்வயல், மாட்டின் வயிறு என உயிர்களின் வழியே பிறக்கிறது. பாறையும் நீரும் கூடியும் அதனைத் தரலாம் என்பதை மறக்கலாகாது. ஊர்தியிலுள்ள சிறு கலத்தினுள், இரு ஆடிகளுக்கிடையே ஒளி 81 முறை கடந்து, 16.8 மீற்றர் தூரம் செல்கிறது.

2013இல் மெதேன் தென்படவில்லை என்றனர். 2014இல், நூறு கோடியில் 7 பங்களவு சில வாரங்கள் தோன்றி மறைந்தது என்றனர். 2019 ஜூனில் 21 பங்கு. சில நாட்களில் அதுவும் மறைந்தது.

இங்கேதான் சங்கடம். லேசர் இருந்த முன்னறையில், புறப்படுமுன்னரே பூமியின் காற்றுப் புகுந்திருந்தது. அதிலும் மெதேன் உண்டு! ஆகவே கலத்தை வெறுமையாக்கி ஒரு முறையும், செவ்வாயின் காற்றை நிரப்பி ஒரு முறையும் அளந்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தனர். கழித்தல் முறையானதே, ஆயினும் ஐயப்பட்டோர் வாய் அடங்கவில்லை.

செவ்வாயைச் சுற்றிவரும் ஐரோப்பிய-ருசியக் கலமொன்றும் சூரிய ஒளியைக் கொண்டு தேடியது. நூறு கோடியில் 0.05 பங்குகூட இல்லையென 2019இல் அதன் ஆய்வாளர் அறிவித்தனர். தரையிலிருந்து அளந்த கணக்கும் வானிலிருந்து அளந்த கணக்கும் இன்னும் ஒத்துவரவில்லை.