நோயாளியின் அருகிருப்போர் அறிய வேண்டுவன

 

வெள்ளி விழா காணும் இச்சங்கத்தின் மேடையில், நோயாளியின் கட்டிலருகே நமக்கு வேண்டிய கல்வியைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகிறேன். திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து உதவுவோர் என மருத்துவத்தை நான்காகப் பகுத்துக் கூறுகிறார். அந்த நான்காம் இடம் நம் ஒவ்வொருவர் வீட்டிலும் உள்ளது. அதை அறியாமையால் நாம் இழந்த உயிர்கள் பல.

1979ஆம் ஆண்டு, எனக்கு ஒன்பது வயது. இரண்டு வயதுத் தங்கைக்கு வயிற்றுப்போக்குக் கண்டது. பக்கத்து ஊரில் மருந்து கொடுத்து வந்த ஒருவரிடம் என் தாயார் அவளைத் தூக்கிச் சென்றார். அவர் திண்ணையில் இருந்தவாறே விசாரித்தார். குழந்தையின் கையைத் தொட்டு நாடி பார்க்கவில்லை. மருந்துப் புட்டியைத் தரையில் வைத்தார். வீட்டிலோ, "பேதியாகும் பிள்ளைக்குத் தண்ணீர் காட்டாதே" என்றனர் மூத்தோர். அன்பினால்தான் அப்படிச் சொன்னார்கள். மூன்றாம் நாள் அவள் இறந்தாள்.

அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே, 1971இல், வங்கதேச அகதிகளிடையே காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தே எண்ணற்றோரைக் காப்பாற்றியிருந்தார். அவர் பொறுப்பில் இருந்தோரிடையே இறப்பு நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கிற்று. குளுக்கோசு குடலின் வழியே உப்பை உள்ளிழுக்கிறது. உப்பைத் தொடர்ந்து நீரும் உட்செல்கிறது. இதுவே அதன் இரகசியம். 1927இல் மகாடு குளத்து நீருக்காக அண்ணல் அம்பேத்கர் போராடினார். பிறர் மறுத்த நீரைப் போராடிப் பெறலாம். அறியாமையால் நாமே மறுத்த நீருக்கு யாரிடம் முறையிடுவது?

ஆகவே, சிலவற்றை மனத்தில் இருத்துங்கள்.

முதலாவது, எண்ணிப் பாருங்கள். மணிக்கட்டில் கட்டைவிரலுக்குக் கீழே இரு விரல்களை வைத்து ஒரு முழு நிமிடம் நாடியை எண்ணுக. ஓய்வாக இருக்கும் பெரியவர்க்கு 60 முதல் 100 வரை இருக்கலாம். மூச்சு 12 முதல் 20 வரை. ஒரு வயது முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைக்கு மூச்சு 40ஐ எட்டினாலும், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரையுள்ள குழந்தைக்கு 50ஐ எட்டினாலும், அது வேக மூச்சு. இருமலும் சேர்ந்தால் நிமோனியா என ஐயுற்று உடனே மருத்துவரிடம் செல்க.

இரண்டாவது, உற்று நோக்குங்கள். வயிற்றுப்போக்கில் கண்கள் குழிந்தாலும், சிறுநீர் குறைந்தாலும், வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெல்லவே பழைய நிலைக்குத் திரும்பினாலும், உடலில் நீர் வற்றுகிறது என்று பொருள். ஒரு லிட்டருக்குரிய உப்பு சர்க்கரைப் பொட்டலத்தைக் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் முழுவதும் கரைத்து, சிறிது சிறிதாகப் புகட்டுக. தாய்ப்பாலை நிறுத்தாதீர். குழந்தை சோர்ந்து துவண்டாலோ, குடிக்க இயலாது போனாலோ, தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டு செல்க.

மூன்றாவது, தீங்கு செய்யாதிருங்கள். தொடுமுன்னும் தொட்டபின்னும் சோப்பிட்டுக் கை கழுவுக. நினைவிழந்தவர் வாயில் நீர் ஊற்றாதீர். அது நுரையீரலுக்குள் செல்லும். மூச்சு இருப்பின், ஒருக்களித்துப் படுக்க வைத்து, 2008 முதல் நம் மாநிலத்தில் இயங்கும் 108 ஊர்தியை அழையுங்கள். படுக்கையிலேயே கிடப்பவரை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள். படுக்கைப்புண் வராது காக்கலாம். மருந்தின் பெயர், அளவு, வேளை ஆகியவற்றைச் சரிபார்த்தே கொடுக்க வேண்டும்.

நான்காவது, எழுதி வையுங்கள். காய்ச்சல் எத்தனை டிகிரி, எந்த நேரத்தில், என்ன கொடுத்தோம் என்று ஒரு தாளில் குறித்துச் செல்பவரிடம் மருத்துவர் விரைவில் உண்மையை அறிவார். எழுத்தறிவின் பயன் இதுவும் அன்றோ?

சில பெற்றோர் என்னிடம், "அழுக்குத் துடைத்தது போதும் ஐயா, பிள்ளையைச் செவிலியர் படிப்புக்கு அனுப்ப மாட்டோம்" என்கின்றனர். அவர்தம் வேதனையை நான் அறிவேன். எனினும், பிறப்பால் சுமத்தப்பட்ட வேலை வேறு. மூன்றாண்டுப் பட்டயமோ நான்காண்டுப் பட்டமோ படித்துப் பெற்ற பணி வேறு. 1897இல் புனேயில் பிளேக் பரவியபோது, ஆசிரியையான சாவித்திரிபாய் புலே, மகார் குடியிருப்பிலிருந்து நோயுற்ற சிறுவன் ஒருவனைத் தம் முதுகில் சுமந்து மருத்துவ முகாமுக்குச் சென்றார். அந்நோய் தம்மையும் தொற்ற, மார்ச் 10ஆம் நாள் மறைந்தார். அத்தகைய பணியில் இழிவு ஏது?

நம் திண்டுக்கல்லில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. காந்திகிராமத்தில் டாக்டர் சௌந்தரம் அம்மையார் நிறுவிய கஸ்தூரிபா மருத்துவமனை நெடுங்காலமாகத் தாய்மார்க்குத் தொண்டாற்றி வருகிறது. அத்தகைய இடங்களில் நம் பிள்ளைகள் வெள்ளுடையில் நிற்க வேண்டும். அதற்கு முன்பாக, நம் தெரு ஒவ்வொன்றிலும் ஒரு வெப்பமானியும், நொடிமுள் உள்ள ஒரு கடிகாரமும், பத்து உப்பு சர்க்கரைப் பொட்டலங்களும், இவற்றைப் பயன்படுத்தத் தெரிந்த இரண்டு இளைஞர்களும் இருக்க இச்சங்கம் ஆவன செய்ய வேண்டுகிறேன். பயிற்சி வகுப்புக்கு ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் ஒதுக்க நான் ஆயத்தமாக உள்ளேன்.

என் தங்கையின் கையை அன்று எவரும் பிடித்துப் பார்க்கவில்லை. இனி நம் தெருக் குழந்தை ஒவ்வொன்றின் கையையும் பிடித்துப் பார்க்க, நாடி எண்ணத் தெரிந்த ஒருவர் அருகில் இருக்க வேண்டும்.