அறுபதுக்கு மேல் யோகாசனம்
(பாலக்காட்டில் நடந்த மகளிர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

வயதான ஸ்த்ரீகளுக்கு யோகாசனத்தால் என்ன பலன் என்று பேசச் சொன்னார்கள். நான் டாக்டரும் இல்லை, யோகா டீச்சரும் இல்லை. ஆசனம் பண்ணி ஒரு தடவை அடிபட்டவள். பிறகு அதனாலேயே பலனும் கண்டவள். அந்த யோக்யதையில்தான் பேசுகிறேன்.

நம் அக்ரஹாரத்துப் பாட்டிமார் யாரும் யோகா கிளாஸுக்குப் போனதில்லை. குனிந்து கோலம் போட்டார்கள், ஆட்டுக்கல்லில் அரைத்தார்கள், புழையில் படியிறங்கிக் குளித்துவிட்டு ஏறினார்கள், தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்தார்கள். இன்று கிரைண்டரும் டைனிங் டேபிளும் வந்தாச்சு. சௌகரியம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தரையில் உட்கார்ந்தால் யார் கையையும் பிடிக்காமல் எழுந்திருக்க நம்மில் எத்தனை பேருக்கு முடிகிறது?

மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் எலும்பு வேகமாகத் தேய்கிறது. வயதாக ஆகத் தொடைத் தசையும் இளைக்கிறது. பாத்ரூமில் ஒருமுறை வழுக்கினால் மணிக்கட்டோ இடுப்போ முறியலாம். பிள்ளைகள் பெங்களூரிலும் துபாயிலும் இருக்க, வீட்டில் தனியாக இருக்கும் நமக்கு அது சின்ன விஷயமில்லை.

மீனாட்சிபுரம் எல்லையைத் தாண்டினால் பொள்ளாச்சி. அந்தப் பக்கத்து ஜமீன் காளியாபுரத்தில் 1920-ல் பிறந்தவர் நானம்மாள் அம்மையார். 2018-ல் பத்மஸ்ரீ பெற்று, 2019-ல் 99-ஆவது வயதில் காலமானார். அந்த வயதிலும் ஆசனங்கள் செய்து காட்டியவர். அவரைப் பார்த்து நாமும் ஆரம்பிக்கலாம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அவர் சிறுமியாக இருந்தபோதே தகப்பனாரிடம் கற்று, விடாமல் செய்து வந்தவர் என்பதை நான் யோசிக்கவில்லை.

63 வயதில், டி.வி.யைப் பார்த்துக் காலை நீட்டி உட்கார்ந்து, குனிந்து கட்டைவிரலைத் தொட்டேன். முதுகில் சுரீர் என்றது. எக்ஸ்ரேயில் முதுகெலும்பில் ஒரு கணு நசுங்கியிருந்தது. எலும்பு மெலிந்திருந்ததே எனக்கு அதுவரை தெரியாது.

அமெரிக்காவில் 1984-ல் வெளியான ஓர் ஆய்வைப் பிறகு படித்தேன். முதுகெலும்பு தேய்ந்த பெண்களில், குனியும் பயிற்சி மட்டும் செய்தவர்களில் 89 சதவீதம் பேருக்குப் புதிதாக எலும்பு நசுங்கியது. நிமிரும் பயிற்சி செய்தவர்களில் 16 சதவீதம் பேருக்குத்தான். சிறிய ஆய்வுதான். ஆனாலும் நம் வயதுக்கு யோகம் என்பது வளைவதற்கல்ல, நிமிர்வதற்கே என்று எனக்குப் புரிந்தது.

குணமான பிறகு, டாக்டரைக் கேட்டு ஒரு டீச்சரிடம் சேர்ந்தேன். தாடாசனம், சுவரைத் தொட்டபடி விருட்சாசனம், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது, தலையை மட்டும் மெல்லத் தூக்கும் புஜங்காசனம், கடைசியில் சவாசனம். இவ்வளவுதான். ஆறு மாதத்தில் தரையில் உட்கார்ந்து தானே எழுந்தேன். மாடிப்படியில் பயம் போயிற்று. தூக்கமும் நன்றாக வந்தது.

65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது, தடுமாறாமல் நிற்கவும் தசைக்கு வலு சேர்க்கவும் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் 2020-ல் சொல்லியிருக்கிறது.

சில எச்சரிக்கைகள். பி.பி., கண் அழுத்தம் உள்ளவர்கள் தலைகீழ் ஆசனங்கள் செய்யக்கூடாது, மூச்சை அடக்கவும் கூடாது. முட்டிவலிக்காரர்களுக்கு வஜ்ராசனம் வேண்டாம், நாற்காலி போதும். ஆசனம் செய்கிறோம் என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். எலும்பு அடர்த்திப் பரிசோதனை செய்ய வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

சபைக்கு ஒரு விண்ணப்பம். நம் ஹாலில் வாரம் மூன்று நாள் மாமிமார்களுக்கென்று ஒரு வகுப்பு வையுங்கள். "உங்களுக்கு என்ன உபாதை?" என்று முதலில் கேட்கிற டீச்சராகப் பார்த்து அழையுங்கள். முதல் பாயை நான் கொண்டு வருகிறேன்.