வண்டிக்குக் காப்பு, வண்டியில் அமர்வோருக்கு?



மட்டாஞ்சேரியில் மிளகும் சுக்கும் மணக்கும் பஜார் ரோட்டை அடுத்த குறுகிய தெருக்களில் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. மத்திய அரசாங்க அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளனாகிய நானும் உத்தியோகத்தின் பொருட்டு அங்குக் குடியேறியவன். ஊருக்குப் போய்வர வசதியாக இருக்கட்டும் என்று ஒரு பழைய காரை வாங்கினேன். அதற்கு இன்ஷூரன்ஸ் எடுத்தபோது நான் செய்த பிழையையும், அதனால் கற்ற பாடத்தையும் இன்று உங்களிடம் கூற விரும்புகிறேன்.

2022-ஆம் ஆண்டு ஜூலை மாதம், கோயம்புத்தூரில் ஒரு திருமணத்தை முடித்துக்கொண்டு திரும்பினோம். காரை ஓட்டியவன் நான். அருகில் என் அத்தான், பின்னால் அக்காள். வடக்கஞ்சேரியைத் தாண்டியதும் பெருமழை பிடித்துக்கொண்டது. வண்டி வழுக்கிச் சாலையோர மரத்தில் மோதிற்று. எனக்கும் அக்காளுக்கும் சிராய்ப்போடு போயிற்று. அத்தானுக்கோ தொடை எலும்பு முறிந்துவிட்டது. அறுவைச் சிகிச்சை, 11 நாள் ஆஸ்பத்திரி வாசம், 2,40,000 ரூபாய் செலவு. அக்காளின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின.

"கவலை வேண்டாம், காருக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது" என்று முதல் நாள் நான் அவளைத் தேற்றினேன். அன்றிரவு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அமர்ந்து பாலிசியைப் பிரித்துப் படித்தேன். ஆயிரக்கணக்கான சுற்றறிக்கைகளை ஒரு வரி விடாமல் மொழிபெயர்த்தவன், என் சொந்தப் பாலிசியைப் படித்தது அன்றுதான். அதில் அத்தானுக்கு ஒரு காசும் இல்லை.

ஏன் இல்லை? 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது மூன்றாம் தரப்பினருக்கான இன்ஷூரன்ஸை. தெருவில் செல்வோருக்கும் பிற வண்டியினருக்கும் நம்மால் நேரும் தீங்குக்கு அது ஈடு செய்யும். நம் சொந்தக் காரில் கட்டணமின்றி உடன் வருவோர் அந்தக் கட்டாயப் பாலிசியில் அடங்கார் என்பது நீதிமன்றங்கள் கண்ட முடிவு. 'பழைய வண்டிக்கு முழுப் பாலிசி எதற்கு?' என்று எண்ணி நான் எடுத்திருந்தது இதை மட்டுமே. வண்டியின் விலையைக் கணக்கிட்டேனேயன்றி, அதில் அமர்வோரை எண்ணினேனில்லை.

'பாக்கேஜ்' எனப்படும் முழுப் பாலிசியின் தன்மை வேறு. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகச் சென்ற ஒரு வழக்கில், 2012-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இந்த வேற்றுமையைத் தெளிவாக்கியது. முழுப் பாலிசியாயின் தனியார் காரில் பயணம் செய்வோரும் காப்புக்கு உட்பட்டவரே; சட்டக் கட்டாயத்துக்கான பாலிசியாயின் அல்லர். ஆயினும், பணம் உடனே கைக்கு வந்துவிடாது. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்ய வேண்டும்.

இதை நான் விளக்கியபோது அத்தான், "தம்பி, முழுப் பாலிசி இருந்திருந்தாலும் உன்மேல் நான் வழக்குப் போடுவேனா?" என்றார். பெருந்தன்மைதான், ஆனால் பலருடைய உரிமை இவ்வாறே வீணாகிறது. அத்தகைய மனுவில் ஈடு கொடுப்பது இன்ஷூரன்ஸ் கம்பெனி. அதில் உறவினருக்குள் பகை ஏதும் இல்லை. வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு இன்னொரு வசதியும் உண்டு. விபத்து நிகழ்ந்த ஊரில் மட்டுமன்றி, மனுதாரர் வசிக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலும் மனுக் கொடுக்கலாம்.

அடுத்தது, 'தனிநபர் விபத்துக் காப்பு' என்பது. இச்சொல்லைக் கேட்டதும் ஆஸ்பத்திரிச் செலவு கிடைக்கும் என்று கொள்வது இயல்பு. மொழிபெயர்ப்பாளனாகிய நானே அவ்வாறு கொண்டேன். உண்மை யாதெனில், மரணம் நேர்ந்தாலும், இரு கண்களையோ இரு கை கால்களையோ இழந்தாலும், மீளாத முழு ஊனம் ஏற்பட்டாலும் முழுத் தொகை கிடைக்கும். ஒரு கண்ணோ ஓர் அங்கமோ போனால் பாதி. முறிந்து கூடிவிடும் எலும்புக்கு ஒன்றும் இல்லை. வண்டியை ஓட்டும் உரிமையாளருக்குரிய இத்தொகை முன்பு காருக்கு 2 இலட்சமாக இருந்தது. 2017-இல் சென்னை உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பையடுத்து, 2018-இல் அது 15 இலட்சமாக உயர்ந்தது. செல்லத்தக்க லைசென்ஸ் உள்ளவருக்கே அது பயன்படும். உடன் வருவோருக்கு வேண்டுமானால், தனியே பிரீமியம் செலுத்திக் கேட்டுப் பெற வேண்டும்.

அப்படியாயின் மருத்துவச் செலவுக்கு வழி என்ன? சில கம்பெனிகள் கார் பாலிசியோடு அதற்கென ஓர் இணைப்பைத் தருகின்றன. யாருக்கு, எவ்வளவு, எத்தனை பேருக்கு என்று கேட்டறிந்த பின்னரே அதை வாங்குங்கள். அதனினும் உறுதியானது குடும்பத்துக்கான மெடிக்கல் இன்ஷூரன்ஸ். நோய்களுக்கு முதல் 30 நாள் காத்திருக்க நேரும். விபத்துக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. எந்த வண்டியில் சென்றாலும், நடந்தே சென்றாலும், அது உடன் வரும்.

அரசாங்கத்தின் உதவிகளையும் அறிந்திருப்பது நலம். 2025 மே மாதம் மத்திய அரசாங்கம் அறிவித்த திட்டத்தின்படி, சாலை விபத்தில் சிக்கியவர், அதற்கென ஏற்பட்ட ஆஸ்பத்திரியில், விபத்து நாளிலிருந்து 7 நாள் வரை, 1,50,000 ரூபாய் அளவுக்குப் பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டமோ, முதல் 48 மணி நேரச் சிகிச்சையை, எம்மாநிலத்தவராயினும் இலவசமாக அளிக்க ஏற்பட்டது. ஆனால் தொடை எலும்பு ஏழு நாளில் கூடிவிடுவதில்லை. இவை முதலுதவிக்கு உதவும் கரங்கள். நம் கடமைக்கு மாற்று அல்ல.

ஆகவே, பாலிசியைப் புதுப்பிக்குமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். ஓட்டுபவருக்கு என்ன? உடன் அமர்வோருக்கு என்ன? ஆஸ்பத்திரிச் செலவை யார் தருவார்? விடைகளை ஏஜெண்டின் வாய்மொழியில் தேடாதீர்கள்; பாலிசியின் வாசகத்தில் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

அக்காளின் வளையல்களை மீட்க எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. அத்தான் இப்பொழுது கைத்தடியின்றி நடக்கிறார். பாலிசி புதுப்பிக்கும் நாளில் என் எதிரே அமர்ந்து, "படி தம்பி, வரி வரியாகப் படி" என்கிறார். நானும் உரக்கப் படிக்கிறேன்.