காய்ச்சிச் சேர்க்கும் சுருதி
(சுபாங் ஜெயாவில் ஆசிரியர், மாணவர் முன்னிலையில் நிகழ்த்திய பொழிவு)



மொழிக்கென அமைந்த மேடையில் சிலிக்கன் சில்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதற்குக் காரணம் என் மாணவி ஒருவர். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்று, இப்போது இதே சுபாங் ஜெயாவில் பொறியியல் படிப்பவர். ஒத்ததிர்வுச் சமன்பாடு ஒன்றைப் பிழையின்றித் தீர்த்துக் காட்டினார். "இந்த வளையம் என்னதான் செய்கிறது? உன் பாட்டிக்குச் சொல்வதுபோலச் சொல்லம்மா" என்றேன். அவரால் சொல்ல இயலவில்லை. அவருக்குத் தமிழும் தெரியும், பாடமும் தெரியும். இரண்டுக்கும் நடுவே பாலம்தான் இல்லை.

பொருளைப் பார்ப்போம். நம் வீட்டுக்கும் சைபர்ஜெயாவின் தரவு மையங்களுக்கும் செய்தியைச் சுமந்து வருவது ஒளியிழை. தொலைதூர இழை ஒன்றில் பல பத்து நிறங்கள் ஒன்றாய் ஓடுகின்றன. ஒவ்வொரு நிறமும் தனிச் செய்தி. நிறம் என்கிறேனே தவிர, 1550 நானோமீட்டரை ஒட்டிய இவ்வொளி கண்ணுக்குப் புலப்படாது. அடுத்தடுத்த நிறங்களுக்கு இடையே உள்ள வேறுபாடு பெரும்பாலும் 0.8 நானோமீட்டர்தான். இக்கூட்டத்தில் வேண்டிய ஒன்றை மட்டும் பிரித்தெடுப்பது ஒளிவடிகட்டியின் வேலை. வானொலிக் குமிழைத் திருகி நிலையம் பிடித்த தலைமுறைக்கு இது புதிதன்று.

சில்லில் இவ்வடிகட்டி ஒரு வளையமாக அமைகிறது. ஒளி செல்லும் நேர்வழி ஒன்று. அதை ஏறக்குறையத் தொட்டுக்கொண்டு, 20 மைக்ரோமீட்டர் குறுக்களவில் ஒரு சிலிக்கன் வளையம். தலைமயிரின் தடிமனில் நாலில் ஒரு பங்குதான் அது. அதன் சுற்றளவில் ஏறத்தாழ நூறு அலைகள் அடங்கும். மிச்சமின்றி முழு எண்ணிக்கையில் அடங்கும் அலை சுற்றிச் சுற்றி வலுப்பெற்று மறுபுற வழியே வெளியேறும். அடங்காத அலைகள் வளையத்தைப் பொருட்படுத்தாமல் நேரே போய்விடும். தேநீர் வடிகட்டியில் எஞ்சுவது சக்கை. இங்கே எஞ்சுவதும் பிறருக்குரிய செய்திதான், ஒன்றும் வீணாவதில்லை. இருந்தும் 'வடிகட்டி' வேரூன்றிய சொல். அதை மாற்ற நான் வழக்காட வரவில்லை.

இவ்வளையத்தின் உறவு ஒன்றைத் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி.வி. இராமன் ஆராய்ந்திருக்கிறார். ஒளிச்சிதறலுக்காகவே அவரை நினைவுகூர்கிறோம். ஆனால் 1920இல் நம் மத்தளக் கருவிகளின் ஒலியைப் பற்றியும், 1921இல் இலண்டன் தூய பவுல் பேராலயத்தின் கிசுகிசு மாடத்தைப் பற்றியும் எழுதியவர் அவர். அம்மாடத்தின் வட்டச் சுவரருகே மெல்லப் பேசினால் ஒலி சுவரைத் தழுவியபடியே சென்று எதிர்ப்புறத்தில் கேட்கும். வளையத்தில் சுற்றுவது ஒளி, வேறுபாடு அவ்வளவே.

இனித்தான் சிக்கல். சிலிக்கன் வழியின் அகலம் ஏறத்தாழ 450 நானோமீட்டர். உற்பத்தியின்போது அதில் 1 நானோமீட்டர் பிசகினாலே வளையம் பிடிக்கும் நிறமும் ஏறத்தாழ 1 நானோமீட்டர் நகர்ந்துவிடும். அதாவது அயலான் செய்தியைப் பிடிக்கும். எந்த ஆலையாலும் எல்லா வளையங்களையும் அவ்வளவு துல்லியமாகச் செதுக்க முடியாது. போதாக்குறைக்கு, வெப்பம் ஏறினால் சிலிக்கனின் ஒளிவிலகல் எண்ணும் ஏறும். பத்துப் பாகை சூடு ஒரு நிறத்தை அடுத்த நிறத்தின் இடத்துக்குத் தள்ளப் போதும்.

பொறியாளர் அந்தக் குறையையே கருவியாக்கினர். வளையத்தின் மேலே மெல்லிய உலோக இழையைப் படியவைத்து மின்சாரம் செலுத்துகின்றனர். இழை சூடேற, பிடிக்கும் நிறம் நகர்கிறது. வேண்டிய இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். சூடேற்ற மட்டுமே முடியும், குளிர்விக்க முடியாது. ஆகவே வளையத்தை முதலிலேயே சற்றுக் குறைந்த அலைநீளத்துக்கு வடிவமைத்து, பிறகு மேலே கொண்டுவருவார்கள்.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'மாற்றத்தக்க வடிகட்டி' என்று எழுதுகிறோம். சட்டையையும் மாற்றலாம், வீட்டையும் மாற்றலாம். அச்சொல் எதையும் உணர்த்தவில்லை. தம்பூராவின் திருகாணியை நினைத்தேன். அதுவும் முற்றும் பொருந்தவில்லை. திருகி விட்டால் தம்பூரா நெடுநேரம் நிற்கும். பொருந்தியது பறை. தோட்டத்துத் திருவிழாவில் வைக்கோலைக் கொளுத்தித் தப்பைக் காட்டி, தட்டிப் பார்த்து, மறுபடி காய்ச்சுவார்களே, அது. சூட்டால் சுருதி சேர்க்கிறோம். சூடு தணிந்தால் சுருதியும் தளர்கிறது. ஒரு வேறுபாட்டை மட்டும் ஆசிரியர்கள் சொல்லியாக வேண்டும்: பறையில் சூடு சுருதியை உயர்த்தும், வளையத்தில் அலைநீளத்தைக் கூட்டுவதால் அதிர்வெண்ணைத் தாழ்த்தும். 'சுருதி சேர் ஒளிவடிகட்டி' என்பது என் பரிந்துரை. கலைச்சொற்குழுவினர் திருத்தலாம், சண்டைக்கு வரமாட்டேன்.

சொல்லுக்கு இத்தனை பாடு எதற்கு என்பீர்கள். கெடா, கூலிமில் உள்ள சில்டெரா ஆலை ஒளிச்சில்லுத் தொழில்நுட்பத்தில் இறங்கியிருக்கிறது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் பிஜாய் கிருஷ்ண தாஸ் தலைமையில் இதற்கென ஒரு மையமே இயங்குகிறது. வேலை நம் பிள்ளைகளின் வாசலுக்கு வந்துவிட்டது. மனப்பாடம் செய்த சமன்பாட்டோடு உள்ளே போகிறவருக்கும், வளையத்தை மனக்கண்ணில் கண்டு போகிறவருக்கும் முதல் பழுது வரும் நாளில் வேறுபாடு தெரியும்.

பறை உவமையை அம்மாணவியிடம் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, "அப்படியானால் நெருப்பை அணைக்கவே முடியாதே, சார்?" என்றார். பாடத்தில் இல்லாத கேள்வி. துறையின் உண்மையான கேள்வி. ஒரு வளையத்துக்குப் பத்து மில்லிவாட் என்றாலும், நூறு வளையங்களுக்கு ஒரு வாட். அதுவும் செய்தி வந்தாலும் வராவிட்டாலும் ஓயாத செலவு. பக்கத்து வளையமும் அச்சூட்டில் சுருதி விலகும். சுற்றிலும் பள்ளம் வெட்டி வெப்பத்தைத் தேக்கிப் பார்க்கின்றனர். ஒருமுறை நிலைமாற்றினால் மின்சாரமின்றியும் அப்படியே நிற்கும் பொருள்களை வளையத்தின் மேல் பூசிப் பார்க்கின்றனர். காய்ச்சத் தேவையில்லாத நெகிழித்தோல் பறைகள் வந்துவிட்டதுபோல என்று நான் சொல்ல, "அதில் பழைய நாதம் இல்லை என்று பாட்டி சொல்வார்" என்றார் அவர். அப்பொருள்களிலும் அதே குறைதான்: பலவும் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிவிடுகின்றன.