தெருவில் உள்ள எண்ணிக்கையும் பெட்டியில் விழும் எண்ணிக்கையும்

(மஹல்லா இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் மேடைகளில் ஒரு முழக்கம் அடிக்கடி கேட்கிறது. "இந்தத் தொகுதியின் வெற்றியைத் தீர்மானிப்பவர்கள் நாங்களே!" தக்பீர் விண்ணைப் பிளக்கும். கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாக உறங்கிவிடுகிறோம். உண்மையிலேயே தீர்மானிக்கிறோமா? கணக்குப் பார்ப்போம். கடை நடத்துகிறவர்களுக்குக் கணக்கு கசக்காது.

2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் நாம் 42 லட்சத்துக்குச் சற்று மேல். நூற்றுக்கு ஆறு பேர் கூட இல்லை. ஆனால் நாம் பள்ளிவாசலைச் சுற்றித் தெருத் தெருவாகச் சேர்ந்து வாழும் சமுதாயம். ஆகவே சில ஊர்களில், சில வார்டுகளில் இந்த ஆறு முப்பதாகும், ஐம்பதாகும். நம் பலம் அங்கேதான் இருக்கிறது. நம் பலவீனமும் அங்கேதான் இருக்கிறது.

வேலூரைப் பாருங்கள். பணப் பறிமுதலால் ரத்தான நாடாளுமன்றத் தேர்தல் அங்கே 2019 ஆகஸ்ட் 5 அன்று நடந்தது. ஆறே நாள் முன்பு, ஜூலை 30 அன்று, முத்தலாக் மசோதா மாநிலங்களவையில் நிறைவேறியிருந்தது. ஆறு சட்டமன்றத் தொகுதிகளில் மூன்றில் இரட்டை இலை முந்தியது. வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் ஆகிய மூன்றும் உதயசூரியன் பக்கம் நின்றன. முடிவில் வித்தியாசம் 8,141 வாக்குகள். நம்மவர் நெருக்கமாக வாழும் தெருக்கள் அன்று வீட்டில் இருந்திருந்தால் முடிவு வேறு.

அதே வாணியம்பாடிக்கு 2021-இல் வாருங்கள். தி.மு.க. கூட்டணி மாநிலத்தையே வென்ற தேர்தல் அது. அங்கே நின்ற முஸ்லிம் லீக் வேட்பாளர் 4,904 வாக்கில் தோற்றார். ஏன்? தொகுதி என்பது நகரம் மட்டுமல்ல. சுற்றியுள்ள கிராமங்களில் நாம் மிகக் குறைவு. அங்கே நல்லுறவு இல்லாமல் நகரத்து வாக்கை மட்டும் நம்பினால் போதாது. "நாங்களே தீர்மானிப்போம்" என்று ஒலிபெருக்கியில் கத்துவது நம்மை எழுப்புவதற்கு முன்பே அடுத்த தெருக்காரரை எழுப்பிவிடுகிறது என்பது என் அபிப்பிராயம். கோபிக்காதீர்கள். 2016-இல் இதே தொகுதியில் லீக் வேட்பாளரை வென்றவர் அ.தி.மு.க.வின் நிலோபர் கபில். நம் தெருக்கள் எப்போதும் ஒரே சின்னத்தில் குத்துவதில்லை என்பதையும் மனதில் வையுங்கள்.

வார்டுக்கு வருவோம். 2022 பிப்ரவரி நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் சென்னை மாநகராட்சியில் நூற்றுக்குச் சுமார் 44 பேரே வாக்களித்தார்கள். இப்படி ஊரே உறங்கும் தேர்தலில் என்ன நடக்கும்? ஒரு வார்டில் 10,000 வாக்காளர்கள், அதில் நம்மவர் 3,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்மில் நூற்றுக்கு 70 பேரும் பிறரில் 40 பேரும் வந்தால், பதிவான 4,900 வாக்கில் நம்முடையது 2,100. கிட்டத்தட்டப் பாதி! நாம் 40, அவர்கள் 70 என்று மாறினால் 6,100-இல் வெறும் 1,200. ஐந்தில் ஒரு பங்கு கூட இல்லை. தெரு அதேதான், ஜனத்தொகையும் அதேதான்.

வாக்களிக்கப் பட்டியலில் பெயர் வேண்டுமே! 2025 நவம்பரில் தொடங்கிய தீவிரத் திருத்தத்துக்குப் பின் டிசம்பர் 19 அன்று வந்த வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. இவர்களில் ஏறத்தாழ 66 லட்சம் பேர் இடம் மாறியவர்கள், முகவரியில் காணப்படாதவர்கள் என்று கணக்குச் சொல்லப்பட்டது. இது எல்லாச் சமுதாயத்துக்கும் பொதுவானது. ஆனால் மண்ணடியில் கடை, ஊரில் குடும்பம், இரண்டு வருஷத்துக்கு ஒரு வாடகை வீடு என்று வாழும் வணிகச் சமுதாயத்துக்கு இதன் பொருள் விளங்கும். அலுவலர் கதவைத் தட்டும்போது நாம் கடையில் இருக்கிறோம்! இரண்டு இடத்தில் பெயர் வைத்துக்கொள்ளலாம் என்று யாரும் எண்ண வேண்டாம், அது சட்டப்படி குற்றம். எங்கே வசிக்கிறீர்களோ அங்கே ஒரு பெயர். வீடு மாறினால் உடனே படிவம் 8.

வளைகுடாவில் இருக்கும் சகோதரர்கள் இந்தியக் குடிமக்களாகவே இருந்தால் படிவம் 6ஏ மூலம் பதியலாம். ஆனால் வாக்களிக்க நேரில் வரவேண்டும். ஆகவே அத்தகைய ஊர்களில் பூத்தை நிரப்பப் போவது நம் தாய்மார்களும் சகோதரிகளும்தான். அவர்கள் பெயர், வயது, உறவுமுறை பிழையின்றி இருக்கிறதா என்று எந்த ஜமாஅத்தாவது பார்த்ததுண்டா?

இளைஞர்களே, ஒரு வேலை தருகிறேன். ஒவ்வொரு பூத்திலும் எந்த வேட்பாளருக்கு எத்தனை வாக்கு என்பது படிவம் 20-இல் இருக்கிறது. தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் கிடைக்கும். உங்கள் மஹல்லா பூத்களை மட்டும் எடுத்து, பட்டியலில் எத்தனை பேர், வாக்களித்தவர் எத்தனை பேர் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். 17 வயது நிரம்பிய பிள்ளைகளிடம் இப்போதே படிவம் 6 வாங்குங்கள், முன்கூட்டியே கொடுக்கலாம். இஷாவுக்குப் பின் கடைத் திண்ணையில் ஒரு மணி நேரம், ஒரு தெருவுக்கு இரண்டு பேர். முதல் தெருவை அடுத்த ஜும்ஆவுக்குள் முடித்து நோட்டை முத்தவல்லியிடம் காட்டுங்கள்.